எட்டு போல்ட் விவகாரம் குறித்து மாமாவுக்கு

குன்றத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை, காலை இட்லிக்குப் பிறகு.

பெருமதிப்பிற்குரிய மாமா திரு. கொம்பையா அவர்களுக்கு, தங்கள் மருமகன் அருள்பாண்டி கிரீஸைக் கழுவிவிட்டு இரு கைகளையும் கூப்பி எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் மகள் சுகப்பிரியாவும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறோம். ஆலங்குளத்தில் தங்களுடைய முழங்கால், அத்தை கோமதியம்மாளின் சர்க்கரை, பக்கத்து வீட்டுக்காரரோடு உள்ள வேலித் தகராறு ஆகிய மூன்றும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

சென்ற வாரம் நீங்கள் போனில் கூப்பிட்டு, "மாப்ள, எம்புள்ள ஒரு போல்ட்டுக்காக உங்க கூட ஏழு நாளு பேசாமலே இருந்தாளாமே, நெசமா?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், முப்பத்தொரு வருஷம் அரசுப் பேருந்து ஓட்டிய பழக்கத்தில் "ரைட்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். முதலில் இரண்டு திருத்தங்கள். ஒரு போல்ட் அல்ல, எட்டு. ஏழு நாள் அல்ல, பதினொன்று. தங்களுக்குத் தகவல் தந்தவர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை, யாராக இருந்தாலும் எண்ணத் தெரியாதவர். மற்றபடி எல்லாம் சிறப்பாக முடிந்துவிட்டது என்பதையும், நீங்கள் வேட்டியை மடித்து வைத்துக்கொண்டு அவசரமாக பஸ் ஏற வேண்டிய தேவை கொஞ்சமும் இல்லை என்பதையும் தெளிவுபடுத்தவே எழுதுகிறேன்.

என்னுடைய தகுதியைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது அழகல்ல, ஆனால் வேறு யாரும் சொல்வதாக இல்லை. ஒரகடத்தில் கார் இன்ஜின் செய்யும் கம்பெனியில் ஒன்பது வருஷமாக போல்ட் இறுக்கும் இடத்தில் நிற்கிறேன். மேலேயிருந்து மின்சாரத் துப்பாக்கி ஒன்று தொங்கும். அதை போல்ட் தலையில் வைத்து அழுத்தினால் சுற்றும், வேண்டிய இறுக்கம் வந்ததும் தானே நின்று பச்சை விளக்கு எரியும். தப்பாகப் போனால் சிவப்பு எரிந்து லைனே நின்றுவிடும், சூப்பர்வைசர் ஓடி வருவார். ஒன்பது வருஷத்தில் குறைந்தது நாற்பது லட்சம் போல்ட் என் கையால் இறுகியிருக்கிறது. சிவப்பு விழுந்தது மொத்தம் பதினேழு தடவை. தங்கள் மகள் வல்லம் வடகாலில் போல்ட் செய்யும் கம்பெனியின் டெஸ்ட் ரூமில் இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே என்ன செய்கிறாள் என்பது தெரியுமோ என்னவோ. போல்ட்டை மெஷினில் மாட்டி, அது உடைகிற வரைக்கும் இழுப்பதுதான் அவள் வேலை. நான் இறுக்குகிறவன், அவள் உடைக்கிறவள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு இதை இரண்டு வீட்டிலும் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

விவகாரம் கோதண்டம் அண்ணனிடமிருந்து தொடங்குகிறது. அவர் எங்கள் லைனில் சூப்பர்வைசர், வல்லத்துக்காரர், வயது நாற்பத்தெட்டு, என்னைவிட இரண்டு மடங்கு எடை. அவரிடம் பழைய சின்னக் கார் ஒன்று இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்கில், தொழிற்பேட்டை ஆட்களுக்காக ஒரு கிளப் வருஷத்துக்கொரு தடவை எட்டு ரவுண்டுப் பந்தயம் வைக்கிறது. போன வருஷம் அண்ணன் அதில் ஓட்டி, நாலாவது ரவுண்டில் இன்ஜின் வெடித்து, புகைக்கு நடுவிலிருந்து நடந்து வந்தார். இந்த வருஷம் இன்ஜினைப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று என்னைத் தேடி கேண்டீனுக்கே வந்தார்.

"இந்தா பாரு அருளு, போன தபா ராடு ஒடைஞ்சி பிளாக்க கிழிச்சிகினு வெளிய வந்து எட்டிப் பாத்துச்சு. எல்லாரும் சிரிச்சானுங்க. நீதான் லைன்ல போல்ட்டு போட்டுகினு கீறியே, உனுக்குத் தெரியாததா இன்னா கீது?"

எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று அவரிடம் சொன்னேன். அப்போது அது உண்மை என்றுதான் நினைத்திருந்தேன். நீங்கள் பஸ் இன்ஜினோடு வாழ்ந்தவர், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, ஆனால் கடிதத்தை அத்தையும் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். பிளாக் என்கிற இரும்புக் கூட்டுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். அதைக் கீழே சுற்றுகிற தண்டோடு சேர்ப்பது ராடு என்கிற இரும்புக் கை. ரேஸ் இன்ஜின் நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்றுச் சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் அந்தக் கையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அதைப் போகவிடாமல் பிடித்திருப்பது ராடுக்கு இரண்டு போல்ட். நாலு ராடுக்கு எட்டு. இதுதான் அந்த எட்டு.

நானே ஸ்ரீபெரும்புதூர் போய், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் கடையில் எட்டு போல்ட் தேர்ந்தெடுத்தேன். கண்ணாடி மாதிரி மின்னும் முலாம், தலையில் 12.9 என்ற எண். கடையில் இருந்ததிலேயே பெரிய எண் அதுதான், பெரிய எண்ணென்றால் பெரிய பலம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வீட்டில் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வரிசையாக நிறுத்தினேன். சுகப்பிரியா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"எங்க புடிச்சீய இத?"

"கடையில. நல்லாருக்குல்ல?"

"நல்லாத்தான் இருக்கு. கல்யாண மண்டபத்து மாடிப்படி கைப்பிடிக்கு மாட்டலாம். இம்புட்டு கெட்டியான இரும்புக்கு இந்த மாதிரி முலாம் பூசுனா உள்ள நொறுங்கிப் போயிரும்ங்க."

நான் சிரித்தேன், மாமா. ஒழுங்காக நடந்துகொண்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலையில்லை, ஆனால் சிரித்துவிட்டேன். அவள் ஒரு போல்ட்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போனாள். அவளுடைய டெஸ்ட் ரூம் அதிகாரி நல்ல மனிதர், சும்மா இருந்த மெஷினில் மாட்டிப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் மதியம் கேண்டீனில், லைன் ஆட்கள் பதினாலு பேர் முன்னால், என் டிபன் பாக்ஸைத் திறக்கிறேன். எலுமிச்சைச் சோற்றின் மேல் பிளாஸ்டிக் கவரில் சுற்றி என்னுடைய மின்னும் போல்ட், இரண்டு துண்டாக. கூடவே தங்கள் மகளின் முத்தான கையெழுத்தில் ஒரு சீட்டு: "தாங்க வேண்டிய பாரத்தில் இழுத்துப் பிடித்தபடியே மெஷினில் விட்டுவிட்டு வந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் தானாகவே உடைந்து கிடக்கிறது. யாரும் தொடவில்லை." கோதண்டம் அண்ணன் அதை வாங்கி எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். அப்பளம் கூட யாரும் கடிக்கவில்லை.

சரி, தப்பை ஒப்புக்கொள்வதில் எனக்கு எப்போதும் கூச்சமில்லை. ராடுக்கென்றே செய்த போல்ட் எட்டு, அவள் சொன்ன இடத்திலேயே சொல்லி வரவழைத்தோம். பார்க்கக் கருப்பாக, களையில்லாமல் இருந்தன. பெட்டிக்குள் அவற்றோடு பொடி எழுத்தில் அச்சடித்த ஒரு தாளும், ஷாம்பு பாக்கெட் அளவில் ஏதோ பசையும் இருந்தன. தாளை மடித்து, அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் வைத்தேன். பசை பாக்கெட்டை, ஏதோ இலவசமாகத் தந்த வாசலைன் என்று நினைத்து, கோதண்டம் அண்ணனிடம் கொடுத்தேன். அவருக்குப் பித்தவெடிப்பு. இரண்டு குதிகாலிலும் தடவிக்கொண்டு, "சில்லுனு கீதுப்பா" என்றார்.

பிறகு அந்தக் கொட்டகையில், ஷிப்ட் முடிந்த மதிய வேளைகளில், போல்ட்டுக்கு இன்ஜின் ஆயில் தடவி, டார்க் ரெஞ்சு வைத்து இறுக்கினேன். அந்த ரெஞ்சு, நாம் வைத்த அளவு இறுக்கம் வந்ததும் "டக்" என்று சத்தம் போடும். எட்டுக்கும் டக், டக் என்று எட்டுச் சத்தம். என் காதுக்கு நாதஸ்வரம். சாயங்காலம் வேலை முடிந்து அங்கே வந்த சுகப்பிரியா, மேசைக்கு அடியிலிருந்த தாளை உருவிப் படித்தாள். அப்புறம் மைக்ரோமீட்டரை எடுத்து ஒவ்வொரு போல்ட்டின் நீளத்தையும் அளந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இது இறுகவே இல்லையே."

"டக்குனு சத்தம் வந்துச்சே!"

"சத்தம் வரும். போல்ட்டுங்கறது ரப்பர் பேண்டு மாதிரி, இறுக்குனா ஒரு நூலிழை நீளணும், அந்த நீட்டந்தான் ராட புடிச்சி வைக்கும். அந்தப் பசையத் தடவிருந்தா வழுக்கிட்டுப் போயி சரியா நீண்டுருக்கும். நீங்க ஆயிலத் தடவுனதுல பாதிப் பலம் உரசல்லயே போயிட்டு. ரெஞ்சு உங்க கைய அளக்குது, போல்ட்ட அளக்கல."

இந்த இடத்தில்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "நாப்பது லட்சம் போல்ட் போட்டவன்கிட்ட வந்து சொல்லுதியா?" என்றேன். அதற்கு அவள், குரலைக்கூட உயர்த்தாமல், கோதண்டம் அண்ணன் குதிகாலைத் தேய்த்துக்கொண்டு பார்த்திருக்க, சொன்னாள்:

"நீங்க எங்க போட்டீய? துப்பாக்கி போட்டுது. நீங்க புடிச்சிக்கிட்டு நின்னீய."

மாமா, நீங்கள் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். உங்களைப் பார்த்து யாராவது, வண்டியை ரோடு ஓட்டியது, நீங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கு அப்படி இருந்தது. ஒன்பது வருஷமும் கண் முன்னால் பச்சை விளக்கு விளக்காக அணைந்தது. "அப்ப நான் பாத்துக்கிடுதேன், நீ போ" என்றேன். அவள் மைக்ரோமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, பஸ் பிடித்துப் போனாள். அதுதான் முதல் நாள்.

பதினோரு நாளும் வீட்டில் சண்டை நடந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், சத்தமே இல்லை. சாப்பாடு நேரத்துக்கு இருந்தது. தகவல் எல்லாம் பிரிட்ஜ் கதவில் சீட்டாக ஒட்டப்பட்டது, அதுவும் டெஸ்ட் ரூம் பாணியில். "தண்ணீர் கேன்: தீர்ந்தது." "உங்கள் சட்டை, காலர்: இரண்டு முறை துவைத்தும் தேறவில்லை." நான் ஒருநாள் ரசம் வைத்தேன். மறுநாள் சீட்டு: "ரசம், புளி அதிகம், நிபந்தனையோடு ஏற்கப்பட்டது." மனிதன் இதற்குப் பதில் எழுதுவானா, விட்டுவிடுவானா? நான் "நன்றி" என்று மட்டும் எழுதினேன்.

இதற்கிடையில் நான் இன்ஜினை விடவில்லை. ராடு அப்படியே இருக்கட்டும் என்று, பிளாக்குக்கு மூடி மாதிரி மேலே உட்காரும் ஹெட்டை ஏற்றினேன். ஹெட்டைப் பிளாக்கோடு பிடிக்கும் போல்ட்டுகள் இறங்குகிற துளைகள், கிணறு மாதிரி, அடியில் மூடியிருக்கும். ஆயில் போதாமல்தானே அன்றைக்குப் பேச்சு வாங்கினோம் என்று, இந்தத் தடவை ஒவ்வொரு துளையிலும் தாராளமாக ஆயிலை ஊற்றினேன். போல்ட்டை இறக்கி இறுக்கினேன். ஆறாவது போல்ட்டில் ரெஞ்சு "டக்" என்பதற்குப் பதிலாக, உள்ளேயிருந்து "டிங்" என்று ஒரு சத்தம் வந்தது. அடியில் தேங்கின ஆயில் போக இடமில்லாமல், போல்ட் அதை அழுத்த, அது பிளாக்கை அழுத்த, துளையைச் சுற்றி முடி மாதிரி ஒரு கோடு.

"இன்னாடா கோடு இது?" என்றார் கோதண்டம் அண்ணன்.

"வார்க்கும்போதே இருந்த கோடுண்ணே" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். கோட்டிலிருந்து முத்து முத்தாகக் கசிந்தது. அண்ணன் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், லைனில் அவர் திட்டினால் அடுத்த ஷெட்டு வரை கேட்கும். அவரோ துண்டால் அந்தத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்கத் துடைக்க அது வந்தது. கடைசியில், "போன தபா ஒடைச்சது நானு. இந்த தபா நீயி. ஒனக்கு ஒன்னு எனக்கு ஒன்னு, சரியாப் போச்சு. வுடு. இந்த வருசம் வாணாம்" என்றார். அந்த "வாணாம்" என்ற வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை, மாமா. பந்தயத்துக்கு அன்றிலிருந்து பத்தொன்பது நாள்.

நேரே வீட்டுக்கு வந்தேன். தங்கள் மகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிரிட்ஜ் கதவில் சீட்டு எழுதி ஒட்டலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். இது சீட்டில் எழுதுகிற விஷயம் இல்லை. எதிரே போய் நின்று, "பிளாக்க ஒடைச்சிட்டேன்" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். "துளைக்குள்ள ஆயில் ஊத்துனீயளா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாரும் ஊத்தத்தான் செய்வாக. கையில அடி பட்டுட்டா?"

"இல்ல."

"சரி. சாப்பிட்டுட்டுப் போவோம்."

பதினோரு நாள் மௌனம் இப்படித்தான் முடிந்தது. யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அன்றைய வெங்காயச் சாம்பார் நிபந்தனையில்லாமல் ஏற்கத்தக்கதாக இருந்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் வெற்றிதான். குன்றத்தூர் மலைக்கோயிலுக்குப் போகிற வழியில் ரத்தினம் என்பவருடைய பழைய இரும்புக் கடை இருக்கிறது. அங்கே அதே மாதிரி பிளாக் ஒன்று, மேலே ஒரு வாஷிங் மெஷினைச் சுமந்துகொண்டு கிடந்தது. லேத் பட்டறையில் நாலு நாளில் அதைச் சரிசெய்தார்கள். கொட்டகையில் இந்தத் தடவை தங்கள் மகள் சொல்ல நான் செய்தேன். ஒவ்வொரு துளையையும் ஊசிக்குழாயால் உறிஞ்சி, பஞ்சு சுற்றின குச்சி வெள்ளையாக வெளியே வருகிற வரைக்கும் துடைத்தேன். வாஷர்களில் சரிவாக இருக்கும் பக்கம் மேலே வரவேண்டும் என்று ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தேன். ஹெட்டை ஒரே மூச்சில் இறுக்காமல், நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்குப் போய், மூன்று சுற்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். லைனில் துப்பாக்கி எல்லாவற்றையும் தானே செய்துவிடும். இங்கே தோள்பட்டை செய்ய வேண்டியிருந்தது. நாலாவது போல்ட்டில் எனக்கே ஒன்று புரிந்தது. இறுகுகிறபோது ஒரு இடத்தில் போல்ட் நெகிழ்ந்து கொடுப்பது கைக்குத் தெரிகிறது. ஒன்பது வருஷத்தில் இது எனக்குத் தெரியவே தெரியாது. அவளிடம் சொன்னேன். "அதத்தான் நான் மெஷின்ல கோடாப் பாக்கேன்" என்றாள். அப்போது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததை நான் இங்கே பதிவு செய்கிறேன்.

ராடு போல்ட்டுகளை, புதிதாக வரவழைத்த பசை தடவி, அவள் நீளம் அளக்க அளக்க நான் இறுக்கினேன். ஒவ்வொன்றும் ஒரு கல்யாணப் பத்திரிகையின் பாதிக் கனம் அளவுக்கு நீள வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஏழு சரியாக வந்தது. எட்டாவதை மாட்டுவதற்கு முன்னாலேயே அளந்துவிட்டு அவள் தனியாக எடுத்து வைத்தாள்.

"இது ஏற்கனவே அளவுக்கு மேல நீண்டுட்டு. இனி பழைய நீளத்துக்குத் திரும்பாது. வேண்டாம்."

"ஒன்னு தானம்மா, ஏழு நல்லா கீதே" என்றார் கோதண்டம் அண்ணன். "புதுசு வர நாளாவும். ரேஸுக்கு ஆறு நாள்தான் கீது."

"அண்ணே, உள்ள உக்காந்து ஓட்டுதது ஒரு உசிருதான. அதுக்கு ஏழாவது போல்ட்டு, எட்டாவது போல்ட்டுன்னு இருக்கா?"

அண்ணன் புது போல்ட்டுக்குப் போன் போட்டார். நான்தான் அங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது, ஒப்புக்கொள்ளவில்லை. அவளோடு சண்டை போட்ட அன்றைக்கு, அவள் போன பிறகு, கோபத்தில் ஒரு போல்ட்டுக்கு மட்டும் ரெஞ்சை ஓரமாக வைத்துவிட்டு நீளக் கம்பியைச் சொருகி இன்னொரு முழுத் திருப்புக் கொடுத்தேன். இறுகவில்லை என்றாளே, இந்தா, இறுகட்டும் என்று. யாரிடமும் சொல்லவில்லை. போல்ட் சொல்லிவிட்டது. மறுநாள் அவளிடம் சொன்னேன். "தெரியும். எட்டுல ஒண்ணு மட்டும் தானா நீளுமா?" என்றாள். புது போல்ட் நாலாவது நாள் வந்தது. சரியாக நீண்டது.

பந்தயம் சென்ற ஞாயிறு. பதினாலு கார்கள். கோதண்டம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறி உட்கார, நானும் சுகப்பிரியாவும் கம்பி வேலிக்குப் பக்கத்தில் நின்றோம். முதல் ரவுண்டிலேயே கோதண்டம் மூன்று காரைத் தாண்ட, இன்ஜின் சத்தம் சீராக, கத்திரித்த மாதிரி வந்தது. நாலாவது ரவுண்டில், போன வருஷம் வெடித்த அதே இடத்தில், சுகப்பிரியா கண்ணை இறுக மூடிக்கொண்டு என் கையைப் பிடித்தது. நகக்குறி இன்னும் இருக்கிறது. ஐந்து, ஆறு, ஏழு. கடைசி ரவுண்டில் ஐந்தாவது இடத்தில் வந்துகொண்டிருந்த கோதண்டம், கடைசி வளைவில் கியரில் தடுமாறி ஒரு காரை முன்னால் விட்டு, ஆறாவதாக வந்து சேர்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், காரைவிட்டு இறங்கியதும் "கியர் போடத் தெரியாதா?" என்று நன்றாகத் திட்டினேன். எழுத்தில் ஏதாவது பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும், அவசரமாக எழுதுகிறேன்.

மறுநாள் மதியம் இன்ஜினின் அடிப்பாகத்தைத் திறந்து, எட்டு போல்ட்டையும் கழற்றி அளந்தோம். எட்டும் இறுக்குவதற்கு முன்னால் இருந்த அதே நீளத்துக்குத் திரும்பியிருந்தன. ஒன்றுகூடச் சோர்ந்துபோகவில்லை. தங்கள் மகள் தாளில் எட்டு டிக் போட்டு, அடியில் "இறுக்கியவர்: அருள்பாண்டி" என்று எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். துப்பாக்கி என்று எழுதவில்லை.

ஆகவே மாமா, இந்தக் குடும்பத்தில் இப்போது பிரச்சினை என்று எதுவும் கிடையாது. போல்ட் சம்பந்தமான எல்லா விஷயத்திலும் தங்கள் மகள் சொல்வதே முடிவு என்று நான் மனப்பூர்வமாக ஒப்புக்கொண்டுவிட்டேன். தங்கள் மகளும் அபாயமில்லாத இடத்தில், மேசையும் மைக்ரோமீட்டருமாக, நிம்மதியாக இருக்கிறாள். நீங்கள் கவலைப்படுவதற்கு ஒரு முகாந்திரமும் இல்லை, புறப்பட்டு வரவும் வேண்டாம். அத்தைக்கு என் வணக்கம், காலையில் அரை மணி நேரம் நடக்கச் சொல்லவும். தாங்களும் முழங்காலை நீட்டி வைத்து உட்காரவும். தங்கள் இருவரின் ஆசியும் எங்கள் தலைமேல் என்றும் இருக்க வேண்டுகிறேன்.

தங்கள் பணிவுள்ள மருமகன்,
அருள்பாண்டி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் கடிதத்தைத் தங்கள் மகளிடம் காட்டினேன். படித்துவிட்டு, "அப்பாட்ட இப்படியா பொய் எழுதுவீய? திருத்தாம அனுப்பக் கூடாது" என்கிறாள். முழுவதையும் திரும்ப எழுதக் கை வலிக்கிறது. எனவே தயவுசெய்து, பந்தயத்தைப் பற்றிய பத்தியில் மட்டும், கோதண்டம் என்று வருகிற இடத்திலெல்லாம் சுகப்பிரியா என்றும், சுகப்பிரியா என்று வருகிற இடத்திலெல்லாம் கோதண்டம் என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளவும். திட்டினேன் என்று எழுதியதை அடித்துவிடவும். நான் அழுதேன்.

அவள் கல்லூரியில் படிக்கும்போது ஸ்கூட்டியிலிருந்து விழுந்ததிலிருந்து, சைக்கிளுக்கு மேல் எதையும் தொடக்கூடாது என்று நீங்கள் உத்தரவு போட்டிருப்பது எனக்குத் தெரியும். நடந்தது இதுதான். காருக்கு இரண்டு ஓட்டுநர் பெயர் கொடுக்க வேண்டும் என்று விதி. அதற்காக இரண்டு மாதம் முன்பே நாங்கள் மூன்று பேரும் ட்ராக்கில், கிளப் கார்களில், இரண்டு நாள் பயிற்சிக்குப் போனோம். நான் புல்தரைக்குப் போய் வாந்தி எடுத்தேன். அண்ணன் தேறினார். தங்கள் மகள் முதலாவதாகத் தேறினாள். சும்மா பெயருக்குத்தான் எழுதி வைத்தோம். பந்தயத்தன்று காலையில் டாக்டர் கோதண்டம் அண்ணனுக்குப் பிரஷர் பார்த்து, காரில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். அண்ணன் ஹெல்மெட்டை அவளிடம் நீட்டி, "போம்மா, உன் இன்ஜினுதான்" என்றார்.

அவள் உள்ளே உட்கார்ந்து பெல்ட்டை மாட்டியபோது, மாமா, எட்டையும் இறுக்கியது என் கை என்பது நினைவுக்கு வந்தது. ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை, அன்றைக்கு எட்டு போல்ட்டும் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்து நின்றன. குனிந்து, "பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன பயம்? அளந்தது நான்தான" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நீங்கள் என்ன கோபப்பட்டாலும் நான் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன்னால் தங்கள் மகள் தங்களிடம் ஒன்று கேட்டு எழுதச் சொல்கிறாள். ட்ராக்கில் அவள் தடுமாறின கடைசி வளைவு, நீளமான இறக்கத்துக்குப் பிறகு வலப்பக்கம் இறுக்கமாக வருகிறதாம், அதற்குள் மூன்றாவது கியரிலேயே போகலாமா, இரண்டாவதுக்கு மாற்ற வேண்டுமா? "அப்பாவுக்குக் கண்டிப்பாத் தெரியும்" என்கிறாள்.